இலட்சியவாதமும் யதார்த்தவாதமும்: பெஸ்தலோசியின் வாழ்வு

கல்வியின் நோக்கம் யாது, அதனை அடையும் வழி யாது என்னும் இரண்டும் கல்வித் தத்துவத்தின் அடிப்படை வினாக்களாகும். இவற்றுக்கு விடை கூறப் புகுந்தோர் நெடுங்காலமாக ஈரணியினராய் நின்றனர். ஓரணியினர் இலட்சியவாதிகள். கண்ணாற் காணும் பொருள்கள் தோன்றி மறைவன. அவற்றுக்கு அப்பால் நிற்கும் உண்மை, நன்மை, அழகு என்னும் கருத்துகளே நிலையானவை. மாணவனின் உள்ளத்தை அவற்றை நோக்கித் திருப்புவதே கல்வி என்பது அவர்தம் கொள்கை. கிரேக்க ஞானி பிளேற்றோ இவ்வணியின் முதல்வர். மற்றையோர் யதார்த்தவாதிகள். பொருள்கள் நம் உள்ளத்தைச் சாராது தாமாகவே உள்ளன. ஐம்பொறிகளின் வாயிலாக அவற்றை அறிவதிலிருந்தே எல்லா அறிவும் தொடங்குகின்றது என்பர் அவர். பிளேற்றோவின் மாணவராகிய அரிஸ்தோத்தில் இவர்களுக்கு வழிகாட்டி. 1658ஆம் ஆண்டிலே சொற்களுக்குப் பக்கத்திற் படங்களை அச்சிட்டுச் சிறுவர்க்கு நூல் அமைத்த கொமேனியஸ் இவ்வழியில் வந்த பேராசான்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் இவ்விரு வாதங்களையும் இரு பத்திகளாக எழுதி மனனஞ் செய்வதுண்டு. ஆனால் மனிதரின் வாழ்க்கை இரு பத்திகளாகப் பிரிந்து அமைவதில்லை. ஒரே நெஞ்சில் இரண்டும் குடிகொண்டு ஒன்றோடொன்று போராடுவதை நாம் காண விரும்பினால், சுவிற்சர்லாந்து நாட்டுப் பேராசான் யொகான் ஹைன்றிக் பெஸ்தலோசியின் வரலாற்றை நோக்குதல் தகும். அவர் எண்ணத்தில் இலட்சியவாதி. கற்பிக்கும் முறையில் யதார்த்தவாதி. உலகியல் நடைமுறையிலோ இரண்டிலும் தேறாதவர். ஏறத்தாழ அவர் தொட்ட நிறுவனங்கள் யாவும் அவர் கண் முன்னே சரிந்தன. ஆயினும் இன்று உலகின் எந்தப் பாலர் வகுப்பிலும் அவரது கைச்சுவடு பதிந்துள்ளது. இஃது எவ்வாறு நிகழ்ந்ததென்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

பெஸ்தலோசி 1746ஆம் ஆண்டு தை மாதம் 12ஆந் திகதி சூரிச் நகரிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது அவர் காலமானார். மரணப் படுக்கையிற் கிடந்த அவர், வீட்டுப் பணிப்பெண் பாபெலியிடம் தம் குடும்பத்தைக் கைவிட வேண்டாமென வேண்டிக்கொண்டார் என்பர். அப்பெண்ணும் சொன்ன சொல் தவறாது அவ்வீட்டிலேயே தன் காலத்தைக் கழித்தாள். தாயும் அப்பணிப்பெண்ணும் சிக்கனமாகக் குடும்பம் நடத்திய அவ்வீடே பெஸ்தலோசிக்கு முதற் பள்ளிக்கூடம். குழந்தைக்குத் தாயே முதல் ஆசிரியை என்று பிற்காலத்தில் அவர் ஓயாது வற்புறுத்தியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது. பாட்டனார் ஹோங் என்னும் கிராமத்துப் போதகர். அவருடன் ஏழைகளின் குடில்களுக்குச் சென்ற சிறுவன், செழித்த முகத்தோடு விளையாடிய பிள்ளைகள் சில ஆண்டுகளில் வறுமையால் வாடிப் போவதைக் கண்டு மனம் வருந்தினான்.

பள்ளியில் அவர் கைத்திறனற்ற, எதையும் எளிதில் நம்பிவிடும் பிள்ளையாகவே இருந்தார். சகமாணவர் அவரைப் பேயன் என்று பட்டப்பெயரிட்டு நகைத்தனர். உயர்கல்வி பயின்ற காலத்தில் போட்மர் என்னும் ஆசிரியரைச் சூழ்ந்து நின்ற இளைஞர் குழுவிற் சேர்ந்தார். 1762இல் வெளிவந்த உரூசோவின் எமில் என்னும் நூல் அவ்விளைஞரின் உள்ளத்திலே தீ மூட்டியது. ஆட்சியாளரின் ஊழலைக் கண்டித்த இவ்வியக்கத்தோடு தொடர்பு கொண்டமையால் 1767இற் பெஸ்தலோசி சில நாள் காவலில் வைக்கப்பட்டார். சமயப் போதகராகும் எண்ணத்தையும் சட்டம் பயிலும் எண்ணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டு, ஈற்றில் உழவே மேலென்று துணிந்தார். 1769இல் தம்மினும் எட்டு வயது மூத்தவரும் செல்வ வணிகக் குடியிற் பிறந்தவருமாகிய அன்னா சூல்தெசை மணந்தார். பேர் என்னும் ஊருக்கு அண்மையில் நிலம் வாங்கி, நொய்கோவ் என்ற பெயரில் வீடு கட்டிப் பயிர் செய்யத் தொடங்கினார். நிலமோ வளமற்றது, கடன் கொடுத்தோர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர், உழவு தோற்றது.

1770இற் பிறந்த ஒரே மகனுக்கு உரூசோவின் பெயரையே இட்டு, எமில் நூல் காட்டிய வழியில் அவனை வளர்க்க முற்பட்டார். 1774இல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. இயற்கையே ஆசானாகட்டும் எனப் பிள்ளையை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று நீரின் ஓட்டத்தைக் காட்டியதும், மறுநாள் அதே பிள்ளையை எண்களைக் கற்குமாறு வற்புறுத்தி இருத்தியதும் அதிற் காணப்படுகின்றன. சுதந்திரம் எங்கே முடிகின்றது, கட்டுப்பாடு எங்கே தொடங்குகின்றது என்று அத்தந்தை தடுமாறியதை நாம் காண்கின்றோம். பதினொரு வயதாகியும் அம்மகன் செவ்வையாக எழுதவோ வாசிக்கவோ அறியாதிருந்தான். பின்னர் வலிப்பு நோயால் நலிந்து 1801இல் இளமையிலேயே இறந்தான். பிறர் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய ஆசான் தம் பிள்ளையிடத்தே கண்ட தோல்வி இது. ஏட்டிற் படித்த இலட்சியத்தை அளவறியாது உயிருள்ள குழந்தைமேற் பிரயோகிப்பதன் விலையை அவர் தம் வீட்டிலேயே கொடுத்தார். பிற்காலத்திற் பிள்ளையின் இயல்பை உற்றுநோக்கி அதற்கேற்பவே பாடத்தை அமைக்க வேண்டுமென அவர் கூறியது இவ்வநுபவத்தின் பயனென்றே நாம் கருதுகின்றோம்.

உழவு தோற்றும் அவர் அடங்கவில்லை. 1774இல் அதே வீட்டிலே, தெருவிற் பிச்சையெடுத்துத் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாடசாலை தொடங்கினார். கோடையில் வயல்வேலை, மாரியில் பருத்தி நூற்றலும் நெய்தலும். கை வேலை செய்ய வாய் பாடஞ் சொல்லும். வேலையின் வருவாயே பள்ளியைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைத்தது. சிறு கைகள் நூற்ற நூல் சந்தையில் விலைபோகவில்லை. ஞாயிறுதோறும் வந்த பெற்றோர் குறை கூறினர். சிலர் பிள்ளைக்குப் புத்தாடை கிடைத்ததும் அழைத்துக்கொண்டு போய்விட்டனர். 1780இற் பள்ளி மூடப்பட்டது. மனைவியின் சீதனமும் கரைந்தது. அயலார் அவரைப் பித்தனென்று பேசினர்.

வேறு தொழிலின்றி வறுமையில் இருந்த அக்காலத்திலே அவர் எழுதுகோலை எடுத்தார். 1781இல் வெளிவந்த இலியோனாட்டும் கேர்த்துருட்டும் என்னும் கதை அவருக்குப் பெரும் புகழீட்டியது. குடிப்பழக்கத்துக்கு அடிமையான கொத்தன் ஒருவனின் மனைவி கேர்த்துருட்டு. அவள் தன் பிள்ளைகளுக்கு நூற்கும்போதே நூலிழைகளை எண்ணக் கற்பிக்கிறாள். அறையின் நீளத்தை அடிவைத்து அளக்கக் கற்பிக்கிறாள். சன்னற் கண்ணாடிகளைப் பத்துப் பத்தாகக் கூட்டக் கற்பிக்கிறாள். அவளது வீட்டைப் பார்த்தே ஊர்ப் பள்ளிக்கூடம் திருந்துகின்றது. கற்றோர் இதனைச் சுவையான கதையென்று பாராட்டினர். அதனுள்ளே ஒரு கல்வித் திட்டம் இருப்பதைக் கண்டோர் மிகச் சிலரே. 1792இற் பிரெஞ்சுத் தேசிய சபை அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. ஆயினும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடஞ் சொல்ல அவருக்கு ஓரிடம் கிடைக்க மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன.

அவ்விடம் கிடைத்த வகை கொடியது. 1798ஆம் ஆண்டு புரட்டாதியிலே, புதிய அரசை ஏற்க மறுத்த நிட்வால்டன் பகுதியைப் பிரெஞ்சுப் படை தாக்கி அழித்தது. ஸ்தான்ஸ் என்னும் ஊரில் வீடுகள் எரிந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றனர். அரசு அங்கே ஓர் அநாதை இல்லம் அமைக்கத் தீர்மானித்தபோது, 53 வயதை எட்டிக்கொண்டிருந்த பெஸ்தலோசி தாமே முன்வந்தார். 1799 தை மாதத்தில், கன்னிமடமொன்றின் ஒரு பகுதியில், வேலை முற்றுப்பெறாத அறைகளிலே இல்லம் திறக்கப்பட்டது. அவருக்குத் துணை ஒரு பணிப்பெண் மட்டுமே. பிள்ளைகள் ஏறத்தாழ 80 பேர். சொறியும் புண்ணும் பேனும் நிறைந்த உடல்கள்; அஞ்சிச் சுருங்கியவர் சிலர், பொய்யும் பிச்சையும் பழகியவர் சிலர். ஊரவரோ கத்தோலிக்கர், இவர் புரட்டஸ்தாந்தர். தம் வீட்டை எரித்த அரசு அனுப்பிய ஆளென்றே ஊரவர் இவரை நோக்கினர்.

புத்தகமில்லை, கருவியில்லை, உதவி ஆசிரியரில்லை. இருந்தது ஒன்றே: அவர் இரவு பகலாகப் பிள்ளைகளோடு இருந்தார். அவர்களோடு உண்டார்; அவர்கள் நடுவே உறங்கினார்; நோயுற்றோர்க்குத் தாமே பணிவிடை செய்தார். ஒழுக்கத்தை அவர் போதனையாகத் தொடங்கவில்லை. முதலிற் பிள்ளையின் பசியும் அச்சமும் தீர வேண்டும். பின் அன்பு உள்ளத்திற் பழக்கமாக வேண்டும். அதன் பின்னரே அதற்குரிய சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கண்ட வரிசை. அந்நாளில் அல்டோர்வ் என்னும் அயலூர் தீக்கிரையாயிற்று. அவ்வூர்ப் பிள்ளைகள் இருபது பேரளவில் இல்லத்துக்கு வரக்கூடுமென்றும், வந்தால் உணவும் உடையும் குறையும், வேலை கூடும் என்றும் அவர் ஒளியாமற் கூறித் தம் பிள்ளைகளின் கருத்தைக் கேட்டார். அவர்கள் வரட்டுமென்றே பிள்ளைகள் வேண்டினர். சில மாதங்களுக்கு முன் ரொட்டித் துண்டுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். இலட்சியவாதம் நாடும் அறவுணர்வு யதார்த்தமான சோற்றினூடாகவும் கஞ்சியினூடாகவும் உருவானதை இந்நிகழ்ச்சியில் நாம் காண்கின்றோம். ஆனி மாதத்திற் பிரெஞ்சுப் படை அக்கட்டடத்தைத் தன் வைத்தியசாலையாக்கிக் கொண்டது. ஐந்து மாத உழைப்பு அத்தோடு முடிந்தது. பெஸ்தலோசி உடல் நைந்து மலைப்பகுதிக்கு ஓய்வுக்காகச் சென்றார்.

அதே ஆண்டிற் பேர்க்டோர்வ் நகரிலே, செருப்புத் தைப்பவர் ஒருவர் நடத்திய ஏழைப் பள்ளியில் உதவி ஆசிரியராக அமர்ந்தார். உலகறிந்த நூலாசிரியர், பெயர்பெற்ற குடிமகன், ஒரு சக்கிலியரின் கீழ்க் கடைநிலை ஆசிரியர்! அங்கும் எதிர்ப்பு எழுந்தது. சமய வினாவிடை மனனமும் கையேடும் இல்லாத பாடமென்ன பாடமென்று பெற்றோர் முறையிட்டனர். இன்னொரு சிறுவர் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கே சில மாதங்களுக்குள் பிள்ளைகள் காட்டிய முன்னேற்றத்தை 1800ஆம் ஆண்டு நகரத்துப் பள்ளிச் சபை வியந்து பாராட்டியது. பின்னர் நகரத்துக் கோட்டையிலேயே அவரது கல்விக்கூடம் அமைந்தது.

அக்காலத்து அவர் வகுப்பின் தோற்றம் அவர் மாணவர் ஒருவரின் நினைவுக் குறிப்பால் நமக்குத் தெரியவருகின்றது. சுவரிலே பழங்கடதாசி ஒட்டப்பட்டுக் கிழிந்து கிடந்தது. பாடநூல் ஏதுமின்றி அக்கிழிசலையே பெஸ்தலோசி பாடமாக்கினார். பிள்ளைகள் அதில் ஒரு துவாரத்தைக் காண்பர்; அது நீண்டதென்பர்; துவாரத்தின் பின்னே சுவரைக் காண்பர்; கடதாசியின் பூக்களை, அவற்றின் வடிவத்தை, நிறத்தை, எண்ணிக்கையை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிச் செல்வர். காண்பது முதல், எண்ணுவது அடுத்தது, பெயர் சொல்வது அதன் பின். எண், உருவம், சொல் என்னும் மூன்றையும் அறிவின் அடித்தளமாக அவர் வகுத்தது 1801இல் வெளிவந்த கேர்த்துருட்டு தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை என்னும் நூலில் ஆகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் மூத்தோர் சொன்னதையே அவர் ஒரு கல்விமுறையாக வளர்த்தார். அவர் கூறிய புலக்காட்சி கண்ணாற் பார்த்தலோடு அமைவதன்று. பொறிகள் கொண்டுவந்த கலங்கிய தோற்றத்தை மனம் தன் ஆற்றலாற் பிரித்துத் தெளிந்த கருத்தாக்குதலும் அதனுள் அடங்கும். யதார்த்தவாதியின் வாயிலால் நுழைந்து இலட்சியவாதியின் மண்டபத்தை அடையும் வழி இதுவே.

1802இல் அவர் சுவிற்சர்லாந்துத் தூதுக்குழுவில் ஒருவராகப் பாரிசுக்குச் சென்றார். தம் முறையை நெப்போலியனுக்கு விளக்க விரும்பினார். அரிவரி கேட்கத் தமக்கு நேரமில்லையென அவர் மறுத்துவிட்டாராம். 1804இற் பேர்க்டோர்வ் கோட்டையை விட வேண்டியதாயிற்று. 1805 முதல் இருபது ஆண்டுகள் ஈவேர்தோன் நகரக் கோட்டை அவரது கல்விக்கூடமாயிற்று. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். பிற்காலத்திற் சிறுவர் பூங்காவை நிறுவிய பிறோபெல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றார். போரிலே தோற்ற பிரசியா, தன் மக்களைக் கல்வியால் எழுப்ப எண்ணித் தன் இளம் ஆசிரியரை அங்கு அனுப்பியது.

அங்கே பூமிசாத்திரம் கற்பித்த முறையைப் பழைய மாணவரும் பின்னாளில் வரலாற்றாசிரியருமாகிய வூயிமேன் எழுதி வைத்துள்ளார். பிள்ளைகளைப் பூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்வர். முதலில் முழுத் தோற்றத்தையும், பின் பகுதி பகுதியாகவும் அவர்கள் நோக்குவர். திரும்பும்போது ஆற்றோரக் களிமண்ணை எடுத்து வருவர். நீண்ட மேசைகளின்மேல் அக்களிமண்ணால் அப்பள்ளத்தாக்கையே சமைப்பர். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் உயரச் சென்று பார்த்து அவ்வுருவை விரிப்பர். அது முடிந்த பின்னரே தேசப்படம் அவர்கள்முன் வைக்கப்படும். அப்பொழுது படத்திலுள்ள ஒவ்வொரு கோடும் அவர்கள் கால் மிதித்த நிலமாக இருக்கும்.

எனினும் எந்த முறையும் நாளடைவில் இறுகிப் போவதுண்டு. நீண்ட எண் அட்டவணைகளைப் பிள்ளைகள் கூட்டமாக உரத்துச் சொல்லும் ஓசை அக்கோட்டையில் எழுந்தது. மனனத்தை எதிர்த்தவரின் பள்ளியிலே புதிய மனனம் புகுந்தது. 1809இற் பள்ளியைப் பரிசோதிக்க வந்த குழுவின் தலைவர் கிறாட் பாதிரியார். தம் பிள்ளைகள் இரண்டும் இரண்டும் நான்கென்பது போல நிரூபிக்கத்தக்கதை மட்டுமே ஏற்க வேண்டுமென்று பெஸ்தலோசி அவரிடம் கூறினாராம். அதற்கு அவர், தமக்கு முப்பது புதல்வர் இருப்பினும் ஒருவனையும் இங்கே ஒப்படையேன் என்றும், தாம் அவனுடைய தந்தை என்பதையோ தமக்கு அவன் பணிய வேண்டுமென்பதையோ கணிதத்தால் நிரூபிக்க முடியாதென்றும் விடை பகர்ந்தாராம். பெஸ்தலோசி தாம் சொன்னது மிகையென ஒப்புக்கொண்டார். ஸ்தான்ஸ் நகரத்து அன்பு எந்த நிரூபணத்தின்மேல் நின்றது? அவர் தம் இலட்சியத்தைக் கணப்பொழுது மறந்தார். அதனை நினைவூட்ட வேறொருவர் வேண்டியிருந்தது.

இதனினும் பெருந்துயர் அவருடைய உதவியாளர் இருவரால் விளைந்தது. ஒருவர் நீடரர்; சமயமும் தத்துவமும் கற்றவர். பெஸ்தலோசியின் எளிய எண்ணங்களை உயர்ந்த தத்துவமாக விரித்து எழுதினார். அவற்றைப் படித்த பெஸ்தலோசிக்குத் தம் எண்ணமே தமக்கு விளங்காமற் போயிற்றென்பர். மற்றவர் சிமிட்; மலைநாட்டு ஏழைக் குடியிற் பிறந்து அப்பள்ளியிலேயே மாணவராயிருந்து உயர்ந்தவர்; கணிதத்திற் கூர்மையும் நிருவாகத்திற் கண்டிப்பும் உடையவர். இலட்சியவாதம் ஒருவராகவும் யதார்த்தவாதம் மற்றவராகவும் அக்கோட்டையில் உருக்கொண்டு நின்றன எனலாம். இருவரும் ஆசானை நேசித்தனர், ஒருவரையொருவர் பொறுக்கவில்லை. 1810இற் சிமிட் விலகினார். பொருள் நிலை சீர்கெடவே 1815இல் மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் அன்னா காலமானார். பகைவரையும் தணிக்கவல்ல அவ்வன்னை மறைந்தபின் பூசல் பெருகிற்று. அடுத்த ஆண்டு ஆசிரியர் பலர் வெளியேறினர். 1817இல் நீடரரும் பிரிந்தார். வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. 1825இற் கல்விக்கூடம் மூடப்பட்டது.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நம்மவர் கவனத்துக்குரியது. 1816இல் அந்திரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்தர் ஈவேர்தோனுக்கு வந்தார். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய காலத்தில், நாட்டுப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனோடு மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து இங்கிலாந்தெங்கும் பரப்பியவர் அவர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைந்தால் அம்முறை எளிதில் விளங்கும். சிறு செலவில் பெருந்தொகையினர்க்குக் கற்பிக்க வல்லது அது. பெஸ்தலோசியின் முறை விரைவில் மறக்கப்பட்டுத் தம் முறையே உலகை ஆளுமென்று அவர் கருதிச் சென்றாராம். நடந்ததோ வேறு. சட்டாம்பிள்ளை முறை அந்நூற்றாண்டிலேயே ஒதுக்கப்பட்டது. ஈவேர்தோனிற் பணியாற்றித் திரும்பிய மேயோ முதலிய ஆங்கிலேயர் கொண்டுவந்த பொருட்பாடம் இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற்று, அவர்கள் ஆண்ட நாடுகளின் பள்ளிகளையும் அடைந்தது.

முதியவர் பெஸ்தலோசி நொய்கோவுக்கே திரும்பினார். ஐம்பது ஆண்டுகளின் முன் தோற்ற அதே நிலத்தில் மீண்டும் ஓர் ஏழைப் பள்ளி தொடங்க எண்ணினார். தம் இறுதி நூலில் தம் தவறுகளை ஒளியாது எழுதினார். தம்மைத் தாக்கி வெளிவந்த துண்டுநூலொன்று அவருள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தியது. 1827 மாசி 17ஆந் திகதி புறூக் என்னும் ஊரில் உயிர் நீத்தார். பேர் கிராமத்துப் பள்ளிச் சுவரோரம், தாம் விரும்பியவாறே, ஆடம்பரமின்றி அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1846இலேயே அங்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் தெளிவு யாது? கல்விக்கு இலக்கைத் தருவது இலட்சியவாதம்; வழியைத் தருவது யதார்த்தவாதம். இலக்கை மட்டும் உடையோன் தன் மகனையே எழுத்தறியாதவனாக விடுவான். வழியை மட்டும் உடையோன் எண் வாய்பாட்டை முழங்கச் செய்து அதனையே கல்வியென மயங்குவான். பெஸ்தலோசி இரண்டு தவறுகளையும் செய்தார், இரண்டுக்கும் வருந்தினார். அவருக்கு நிருவாகம் தெரியாது. வரவு செலவு தெரியாது. மனிதரை எடைபோடத் தெரியாது. குழந்தையின் முன் குனிந்து நின்று, அதன் கண் எதைக் காண்கின்றதோ அதிலிருந்து தொடங்கும் பணிவு மட்டும் இருந்தது. அப்பணிவு நிறுவனங்கள் அழிந்த பின்னரும் ஆசிரியர் பலரின் வழியாகத் தொடர்ந்தது.

கல்லூரி விழாக்களிலே கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எண்ணிப் பார்த்து மகிழ்வது இயல்பு, அம்மகிழ்ச்சி நியாயமானதுமாகும். ஆனால் பழைய மாணவராகிய நம்முள் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர். பள்ளி விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் மாதிரி வினாத்தாள் என்று நம் பிள்ளைகளின் நாட்கள் கழிகின்றன. களிமண்ணைத் தொடாமலே தேசப்படத்தை மனனஞ் செய்யும் பிள்ளைகளை நாம் உருவாக்கி வருகின்றோமா என்ற வினாவை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கின்றோம். நமக்கு வித்தியாரம்பத்தன்று விரல் பிடித்து அரிசியில் எழுதுவித்தவரும், பின் இக்கல்லூரியில் நம்மை நம் பெயர் சொல்லி அழைத்துக் கற்பித்தவரும் பெஸ்தலோசியின் நூல்களைப் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் வழியில் நின்றவர்களே. அவர்கள் நமக்குச் செய்ததை நாம் அடுத்த தலைமுறைக்குச் செய்தல் கடன்.